லயத்து வீடும் விண்டோஸ் சாவியும்

உடும்பன்சோலை, பீர்மேடு, தேவிகுளம் பக்கத்தில் ஐப்பசி மாதம் பிற்பகல் மூன்று மணி ஆனால் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் வானத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். மலையாளத்தில் துலாவர்ஷம் என்கிறார்கள். நமக்கு ஐப்பசி மழை. காலையில் வெயில், மதியம் மேகம், மாலையில் இடியோடு கொட்டும். சித்திரை, வைகாசிக் கோடை மழையும் அதே குணம்தான். முதல் உறுமல் கேட்டதும் டி.வி. பிளக்கைப் பிடுங்கு, ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கு என்று வீட்டுக்குள் குரல்கள் கிளம்பும். கம்ப்யூட்டர் பிளக்கையும் பிடுங்கிவிடுவார்கள். மோடத்திலிருந்து வரும் நெட் கேபிளை மட்டும் மறந்துவிடுவார்கள். மின்னல் அந்த வழியாக வந்து மதர்போர்டைத் தின்றுவிட்டுப் போகும்.

மதர்போர்டு போனால் இன்னொன்று வாங்கிப் போடலாம். ஆனால் அதோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருளும் சில சமயம் போய்விடுகிறது. காசு கொடுத்து வாங்கியதுதான். ஆனாலும் பெரும்பாலும் பில்லில் அதற்குத் தனி வரி இருக்காது. விண்டோஸ் உரிமத்தைத்தான் சொல்கிறேன்.

எனக்கு இது கொழிஞ்சாம்பாறையில் நடந்தது. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுக்கா. கடைத்தெருவில் தமிழ் கேட்கும், பஸ் பலகையில் மலையாளம் இருக்கும், கம்ப்யூட்டர் கெட்டால் கோயமுத்தூருக்குப் போக வேண்டும். மறையூர்க்காரர்களுக்கு உடுமலை, பூப்பாறைக்காரர்களுக்குப் போடி, குமுளிக்காரர்களுக்குக் கம்பமும் தேனியும். எல்லையோரத்தில் பெரிய ஆஸ்பத்திரி, கல்யாணப் பட்டு, கம்ப்யூட்டர் ரிப்பேர் மூன்றுக்கும் மலையை விட்டோ சோதனைச்சாவடியைத் தாண்டியோ இறங்குவதுதான் பழக்கம். நானும் கேபினெட்டைக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு காந்திபுரத்தில் இறங்கினேன்.

கடைக்காரர் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "போர்டு போயிருச்சுங்க. இந்த மாடல் இப்ப வர்றதே இல்லைங்க. புதுசாவே போட்டுக்கலாம். பிராசசரும் ரேமும் அதுக்குத் தகுந்தாப்ல மாத்தணும்."

சரி என்றேன். ஹார்டு டிஸ்க் தப்பியிருந்தது. புது போர்டில் மாட்டி ஆன் செய்ததும் என் கோப்புகள், படங்கள், பாதியில் நின்ற கட்டுரைகள் எல்லாம் போட்டது போட்டபடி இருந்தன. வலது கீழ் மூலையில் மட்டும் மங்கலாக ஓர் எழுத்து: 'ஆக்டிவேட் விண்டோஸ்'.

"இது காசு குடுத்து வாங்குன ஒரிஜினலுங்க. ஸ்டிக்கர்கூட ஒட்டியிருக்கு பாருங்க" என்றேன்.

"அது செத்த போர்டோடயே போயிருச்சுங்க சார்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஐந்நூறு ரூபா குடுங்க, ஆயுசுக்கும் கேட்காத மாதிரி ஒண்ணு போட்டுத் தர்றேன்" என்றார்.

அந்த ஐந்நூறு ரூபாயைப் பற்றிப் பிறகு பேசலாம். அவர் முதலில் சொன்ன வாக்கியம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. நான் வாங்கிய பொருள், நான் உயிரோடு இருக்கும்போது, ஒரு பச்சைப் பலகையோடு எப்படி உடன்கட்டை ஏறியது?

அங்க அடையாளங்கள்

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் அங்க அடையாளம் என்று இரண்டு வரி இருக்கும். இடது முழங்கையில் ஒரு மச்சம், வலது புருவத்தில் ஒரு தழும்பு. விண்டோஸ் செய்வதும் அதுதான். ஆக்டிவேஷன் நடக்கும் நிமிடத்தில் அது கம்ப்யூட்டரின் அங்க அடையாளங்களைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு சுருக்க எண்ணை உண்டாக்கி மைக்ரோசாஃப்ட்டின் சர்வருக்கு அனுப்புகிறது. பிறகு அதே எண் வந்தால் அதே ஆள். எண் ஓரளவு மாறினால் பொறுத்துக்கொள்ளும். ரொம்ப மாறினால், நீங்கள் யார் என்று கேட்கும்.

வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இந்தப் பழக்கம் பரவலானது 2001 அக்டோபரில் வந்த எக்ஸ்பியில்தான். அதற்கு முன் விண்டோஸ் 98 சி.டி. ஒன்று தெருவுக்கே போதும். கீ அட்டையின் பின்புறம் பேனாவால் எழுதப்பட்டிருக்கும். எக்ஸ்பி பத்து அடையாளங்களைப் பார்த்தது: டிஸ்ப்ளே கார்டு, பிராசசர், ரேம் அளவு, ஹார்டு டிஸ்க், சி.டி. டிரைவ் என்று. பத்தும் சமமல்ல. நெட்வொர்க் கார்டுக்கு மட்டும் கூடுதல் மதிப்பு. அதை வைத்துக்கொண்டு மற்றவற்றில் பலதை மாற்றினாலும் எக்ஸ்பி முகம் சுளிக்காது. அந்தக் காலத்து அசெம்பிள் கடைக்காரர்களில் விவரமானவர்கள் பழைய நெட்வொர்க் கார்டைக் கழற்றிப் புதுப் பெட்டியில் செருகிய காரணம் இதுதான்.

பின்னால் வந்த பதிப்புகளில் மதர்போர்டுதான் மூலவர். ரேம் கூட்டுங்கள், ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுங்கள், கிராஃபிக்ஸ் கார்டை மாற்றுங்கள், எஸ்.எம்.பி.எஸ். மாற்றுங்கள், சாதாரணமாக எந்தத் தொந்தரவும் வராது. மதர்போர்டை மாற்றினால் அது வேறு கம்ப்யூட்டர். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து பெரிய கம்பெனி லேப்டாப்களில் கீ ஸ்டிக்கரிலும் இல்லை. போர்டில் உள்ள பயாஸ் சிப்பிலேயே பொறித்துவிடுகிறார்கள். இதில் ஒரு வசதி உண்டு. டிஸ்க் செத்துப் புது டிஸ்க்கில் விண்டோஸ் போட்டால் அதுவே சிப்பைப் படித்துக்கொள்ளும். முன்பிருந்த அதே பதிப்பாக, ஹோம் என்றால் ஹோம், புரோ என்றால் புரோ, இருந்தால் போதும். போர்டு செத்தால் கீயும் அதோடு சாம்பல்.

உரிமம் போனாலும் கோப்புகள் போவதில்லை. கம்ப்யூட்டரும் ஓடும். மூலையில் அந்த எழுத்து நிற்கும், வால்பேப்பர் மாற்ற விடாது, அவ்வப்போது நினைவூட்டும். விண்டோஸ் 7 காலத்தில் திரையின் பின்னணியே கறுத்துவிடும். இப்போது அவ்வளவு கடுமை இல்லை. பயந்துபோய் உடனே கடைக்கு ஓட வேண்டிய அவசரம் யாருக்கும் கிடையாது. அந்தப் பயத்தில்தான் ஐந்நூறு ரூபாய் வியாபாரம் நடக்கிறது.

வேலை இருக்கும்வரை வீடு

மூணாறு எஸ்டேட்டில் பிறந்தவர்களுக்கு ஓ.இ.எம். உரிமத்தை விளக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. லயத்து வீடு என்றால் போதும். மூன்று தலைமுறை அந்த ஒற்றை அறையிலும் அடுப்படியிலும் வாழ்ந்திருப்பார்கள். வாசலில் ரோஜா வைத்திருப்பார்கள், சொந்தக் காசில் தகரம் மாற்றியிருப்பார்கள். ஆனாலும் வீடு ஆளுக்குச் சொந்தமில்லை, வேலைக்குச் சொந்தம். ரிட்டையர் ஆனால் காலி செய்ய வேண்டும். மகனோ மருமகளோ அதே எஸ்டேட்டில் பெயர் பதிந்தால் வீடு தங்கும். வெளியூரில் படித்து வேலை தேடும் பிள்ளைகள் உள்ள வீடுகளில், வீட்டைக் காப்பாற்றவே ஒருவர் கொழுந்து பறிக்கப் போகும் கதைகள் மலையில் நிறைய.

கம்ப்யூட்டரோடு சேர்ந்து வரும் ஓ.இ.எம். விண்டோஸ் அந்த லயம். பெட்டி செய்த கம்பெனி மலிவு விலையில் மொத்தமாக வாங்கிப் போட்டது. பெட்டிக்கு உரியது, உங்களுக்கு உரியதல்ல. பெட்டியை விற்றால் கூடவே போகும். பெட்டி செத்தால் சாகும். தனியாகக் கடையில் முழு விலை கொடுத்து வாங்கும் ரீடெய்ல் விண்டோஸ் பட்டா நிலம் மாதிரி. பழைய பெட்டியிலிருந்து எடுத்துவிட்டுப் புதுப் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம், ஒரு நேரத்தில் ஒரு பெட்டிதான் என்ற நிபந்தனையோடு. மூன்றாவதாக, கம்பெனிகளும் கல்லூரிகளும் மொத்தமாக எடுக்கும் வால்யூம் உரிமம். அது குத்தகை நிலம். அந்த நிறுவனத்துக்குள் மட்டுமே செல்லும். அதில் ஒரு வகை 180 நாளுக்குள் நிறுவனத்தின் சர்வரிடம் போய் ஆஜர் வைத்தாக வேண்டும்.

என் வழக்கில் ஒரு வேடிக்கை இருந்தது. பிறகுதான் தெரிந்துகொண்டேன். பழுதான போர்டை அதே மாதிரியோ தயாரிப்பாளர் தரும் நிகரான மாதிரியோ போட்டு மாற்றினால் ஓ.இ.எம். உரிமம் தொடரும் என்பது மைக்ரோசாஃப்ட் வகுத்த விதி. நல்ல போர்டைக் கழற்றிவிட்டு உயர்ந்த போர்டு போட்டால்தான் உரிமம் போகும். இடி விழுந்தது என் குற்றமா? ஆனால் ஐந்து வருடப் பழைய மாடல் போர்டு கடையில் கிடையாது. கிடைத்ததைப் போட்டேன். இடியில் செத்த போர்டுக்கு மாற்று என்று தொடங்கிய வேலை, விதியின் கண்ணில் 'அப்கிரேட்' ஆகிவிட்டது. அதே மாடல் பழைய போர்டு எங்காவது தேடிப் பிடித்திருந்தால் சட்டப்படி நான் உரிமக்காரன். அதைச் சொல்ல அங்கே யாருமில்லை. கேட்க எனக்கும் தெரியவில்லை.

பாக்கெட்டில் போன உரிமம்

எல்லையோரத்து டி.டி.பி. சென்டர்களுக்கு மென்பொருள் பூட்டு புதிதல்ல. ஸ்ரீலிபி வைத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். தமிழ் எழுத்துருக்களோடு ஒரு சிறிய டாங்கிள் வரும். பிரிண்டர் போர்ட்டில் செருகினால்தான் எழுத்து வரும். எரிச்சலான சாமான்தான். தொலைந்தால் கல்யாணப் பத்திரிகை வேலை அப்படியே நிற்கும். பூட்டிக் கல்லாவில் வைத்துவிட்டுப் போவார்கள். ஆனால் ஒரு நியாயம் இருந்தது. கம்ப்யூட்டர் மாறினால் டாங்கிளைப் பிடுங்கி இதில் செருகு, முடிந்தது. உரிமம் சட்டைப் பாக்கெட்டில் கிடந்தது. புதிய மதர்போர்டுகளில் பிரிண்டர் போர்ட்டே இல்லாமல் போனபோது பழைய டாங்கிள்காரர்கள் பட்ட பாடு வேறு கதை.

கணக்கு எழுதும் டாலி மென்பொருள் இன்னொரு உதாரணம். வண்டன்மேடு, புற்றடி, போடி வட்டாரத்தில் ஏலக்காய்க் கணக்கு எழுதும் எவருக்கும் 'சரண்டர் லைசென்ஸ்' என்ற வார்த்தை தெரியும். பழைய கம்ப்யூட்டரில் அந்தப் பட்டனை அழுத்தி உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புதியதில் மறுபடி ஆக்டிவேட் செய்துகொள்ளலாம். கொடுத்தவன் கையெழுத்துப் போட்டு, வாங்கியவன் கையெழுத்துப் போடுவது மாதிரி. ஏலக்கடைக் கணக்குப்பிள்ளைக்குப் புரிகிற முறை.

2016 ஆகஸ்ட் மாதத்து அப்டேட்டில்தான் விண்டோஸ் இதற்குப் பக்கத்தில் வந்தது. டிஜிட்டல் உரிமத்தை உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு முடிச்சுப் போடலாம். போர்டு மாறிய பிறகு அதே கணக்கில் நுழைந்து, ஆக்டிவேஷன் பக்கத்தில் உள்ள டிரபிள்ஷூட்டரை ஓட்டி, 'அண்மையில் ஹார்டுவேர் மாற்றினேன்' என்ற வரியைத் தேர்ந்தெடுத்தால், பழைய பெட்டியின் பெயரைக் காட்டும். இதுதான் அது என்று சொல்லிவிடலாம். ஆனால் முடிச்சைப் போட வேண்டியது பெட்டி உயிரோடு இருக்கும்போது. செத்த பிறகு போட முடியாது. நம் ஊரில் கம்ப்யூட்டர் வாங்கும்போது கணக்குத் திறந்து தருபவர் கடைப் பையன். அவனுடைய மெயிலிலோ யாருக்கும் நினைவில்லாத ஒரு மெயிலிலோ திறந்து தருகிறான். பாஸ்வேர்டு ஒரு துண்டுச்சீட்டில். துண்டுச்சீட்டு எங்கே என்று கேட்கக் கூடாது.

இந்தக் கணக்கில் உரிமத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் ஒளிந்திருக்கிறது. புதிய விண்டோஸ் 11 பெட்டிகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கிறது. பிட்லாக்கர் என்று பெயர். பூட்டின் சாவி மதர்போர்டில் உள்ள டி.பி.எம். சிப்பில் இருக்கிறது. போர்டு எரிந்தால் டிஸ்க்கைக் கழற்றி வேறெங்கு மாட்டினாலும் 48 இலக்க எண்ணைக் கேட்கும். அந்த எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணக்கு கடைப் பையனுடையது என்றால் உங்கள் பிள்ளையின் கல்யாண வீடியோவும் அவனுடையதுதான். உரிமம் போனால் மூலையில் எழுத்து நிற்கும், அவ்வளவே. இது போனால் எல்லாமே போய்விடும். கடைகளில் இதைப் பற்றி ஒரு வார்த்தை எச்சரிப்பவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்பதில்லை

இந்தத் தலைவலி ஒன்றுமே தெரியாத இடம் ஒன்று இதே ஊர்களில் இருக்கிறது. சித்தூரிலோ மூணாறிலோ ஓர் அரசு தமிழ் மீடியம் பள்ளியின் கம்ப்யூட்டர் லேபுக்குள் போய்ப் பாருங்கள். அங்கே ஓடுவது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு கேரள அரசின் கைட் நிறுவனம் உருவாக்கிய லினக்ஸ். பிள்ளைகள் கையில் ஐ.சி.டி. பாடப்புத்தகம் தமிழிலேயே இருக்கும். ஜியோஜீப்ராவில் முக்கோணம் வரைகிறார்கள், இங்க்ஸ்கேப்பில் படம் போடுகிறார்கள், மேல் வகுப்புகளில் பைத்தான் எழுதுகிறார்கள். ஒரு பெட்டியின் போர்டு போனால் டிஸ்க்கைக் கழற்றி அடுத்த பெட்டியில் மாட்டுகிறார் ஆசிரியர். பெரும்பாலும் அப்படியே எழுந்து ஓடுகிறது. நீ யார், எத்தனை மச்சம் என்று எதுவும் கேட்பதில்லை. பிரதி எடு, மாற்று, பிறருக்குக் கொடு என்பதுதான் அதன் உரிமமே.

இது தானாக வந்ததல்ல. விஞ்ஞானி யு.ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரையில் 2001இல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியபோது பாடம் விண்டோஸில்தான் இருந்தது. அதே 2001இல் திருவனந்தபுரத்தில் இந்திய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மன் வந்திருந்தார். பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுப்பதா, ஒரு கம்பெனியின் சரக்கைப் பழக்குவதா என்று ஆசிரியர் சங்கங்களும் கட்டற்ற மென்பொருள்காரர்களும் சண்டை போட்டார்கள். சில வருடங்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின, பிறகு எஸ்.எஸ்.எல்.சி. ஐ.டி. தேர்வே முழுக்க லினக்ஸுக்கு வந்துவிட்டது. 2017இல் திட்டம் கைட் என்ற அரசு நிறுவனமானது.

பள்ளிகளில் உள்ள இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் புதிய லினக்ஸ் பதிப்பைப் போடுவதால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019இல் கைட் கணக்குச் சொன்னது. ஒரு பெட்டிக்கு ஒன்றரை லட்ச ரூபாய் மென்பொருள் என்பது அந்தக் கணக்கின் அடிப்படை. எனக்கு இந்தக் கணக்கில் கொஞ்சம் சந்தேகம் உண்டு. விண்டோஸ் மட்டுமல்லாமல் ஆபீஸ், படம் வரைய, வீடியோ வெட்ட என எல்லாவற்றையும் முழு விலையில் வாங்கினால்தான் அந்த எண் வரும். எந்த அரசும் அப்படி வாங்காது, பேரம் பேசும். எண்ணில் பாதியைத் தள்ளிவிட்டாலும் மிச்சம் பெரிய தொகைதான். எனக்கு அந்தப் பணத்தைவிட முக்கியமாகப் படுவது வேறு. வாளையார் தாண்டாத ஒரு கூலித் தொழிலாளியின் பிள்ளை, கிராக் என்ற வார்த்தையையே கேட்காமல் பத்தாம் வகுப்பு முடிக்கிறது.

  

சரி, பள்ளியில் ஓடுவது வீட்டில் ஏன் ஓடவில்லை? நானும் முயன்றேன். ஒரு வாரம் லினக்ஸ் மட்டுமே என்று விரதம் இருந்தேன். மூன்றாம் நாள் கேனன் எல்.பி.பி. 2900 முன்னால் விரதம் முறிந்தது. இந்தியாவில் அந்தப் பிரிண்டர் இல்லாத பிரவுசிங் சென்டர் இல்லை; லினக்ஸில் அதைப் பேச வைப்பதற்குள் பொறுமை போய்விடும். டி.டி.பி. காரர்களின் சிக்கல் இதைவிட ஆழம். அவர்கள் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கருக்கு 2001இல் வந்த 7தான் கடைசிப் பதிப்பு. அதிலும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களிலும் இருபது வருடக் கண்ணீர் அஞ்சலி, காதணி விழா, கோயில் நோட்டீஸ் எல்லாம் கிடக்கின்றன. அரசு சேவைகளுக்காக மக்கள் போகும் அக்ஷயா மையங்களிலும், நான் பார்த்தவரை, விண்டோஸ்தான் ஓடுகிறது. கைட் தன் பள்ளிகளை மாற்றியது. அரசின் மற்ற ஜன்னல்கள் பல மாறவில்லை. இடுக்கிக்காரன் பள்ளியில் ஒரு ஓ.எஸ். படித்துவிட்டு, வருமானச் சான்றிதழுக்குப் போகும்போது இன்னொரு ஓ.எஸ். முன்னால் வரிசையில் நிற்கிறான்.

அந்த ஐந்நூறு ரூபாய்

கடைக்காரர் சொன்ன 'ஆயுசுக்கும் கேட்காத' வித்தை பெரும்பாலும் இதுதான். கம்பெனிகளின் சர்வரைப் போல நடிக்கும் ஒரு சிறு புரோகிராமை உங்கள் பெட்டிக்குள்ளேயே உட்கார வைப்பார்கள். விண்டோஸ் 180 நாளுக்குள் போய் ஆஜர் வைக்கும்போது அது தலையாட்டும். அதை உட்கார வைக்க ஆன்ட்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். வீட்டு நாயைக் கட்டிப்போட்டுவிட்டு முன்பின் தெரியாதவனைத் திண்ணையில் படுக்க வைப்பதுதான் இது. அதே பெட்டியில்தான் பேங்க் வேலையும் பார்ப்போம். இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் கீகளும் பெரும்பாலும் எங்கோ ஒரு கம்பெனியின் வால்யூம் குத்தகையிலிருந்து கசிந்தவை. இன்று ஆக்டிவேட் ஆகும். மொத்தக் கீயை மைக்ரோசாஃப்ட் முடக்கும் நாளில் எழுத்து மறுபடி மூலைக்கு வரும். பத்தாயிரத்தை ஒட்டி விலையுள்ள ஒரு சாமான் ஐந்நூறுக்குக் கிடைத்தால் மாட்டுச் சந்தையில்கூட நாம் பல்லைப் பிடித்துப் பார்ப்போம்.

சட்டமும் லேசானதல்ல. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-பி பிரிவில் ஏழு நாளிலிருந்து மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரத்திலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதம். வியாபாரத்துக்கோ லாபத்துக்கோ அல்ல என்றால் சிறையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பில் போட்டுக் காசு வாங்கும் டி.டி.பி. சென்டருக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஆனால் சட்டம் ஒரு பக்கம் மட்டும் பேசவில்லை. டாடா கன்சல்டன்சிக்கும் ஆந்திர அரசுக்கும் நடந்த வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம், சி.டி.யில் அடைத்துக் கடையில் விற்கும் மென்பொருள் 'சரக்கு' என்றது. 2021 மார்ச்சில் இன்னொரு வழக்கில், இப்படிப்பட்ட மென்பொருளுக்குக் கொடுக்கும் பணம் பதிப்புரிமைக்கான ராயல்டி அல்ல, ஒரு பொருளை வாங்கிய விலை என்றது. இரண்டும் வரி வழக்குகள்தான். இருந்தாலும் சாதாரண மனிதனுக்கு ஒரு கேள்வி எழுகிறது. வரி போடும்போது சரக்கு, பெட்டி மாற்றும்போது மட்டும் லயத்து வீடா? ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2000இலேயே, பெட்டியோடு விற்க வேண்டிய ஓ.இ.எம். விண்டோஸைத் தனியாக விற்பதை மைக்ரோசாஃப்ட் தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. 2012இல் ஐரோப்பிய நீதிமன்றமும் பழைய மென்பொருள் உரிமத்தை மறுவிற்பனை செய்யலாம் என்றது. அங்கே பழைய உரிமங்களுக்கென்றே கடைகள் நடக்கின்றன. காயலான் கடையில் பழைய பைக் இன்ஜின் வாங்கும் நம் ஊரில் இது நடக்கவில்லை.

இப்போது ஏன் பேச வேண்டும்?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. கணக்கில் பதிந்துகொண்ட வீட்டுப் பயனாளர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை உண்டு. விண்டோஸ் 11க்குப் போக வேண்டுமானால் டி.பி.எம். 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசசர் வேண்டும். 2017க்கு முன் வாங்கிய பெட்டிகள் பெரும்பாலும் தேறாது. டி.டி.பி. சென்டர், வக்கீல் குமாஸ்தா, ஏலக்காய்க் கடை, மாங்காய் மண்டி எல்லா இடத்திலும் கேபினெட்டையும் மானிட்டரையும் வைத்துக்கொண்டு உள்ளே போர்டை மட்டும் மாற்றும் காலம் இது. நான் செய்த தவற்றைப் பலர் செய்யப்போகிறார்கள், இடி விழாமலே.

பெட்டியைத் திறப்பதற்கு முன் ஐந்து நிமிடம் செலவிடுங்கள். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி 'ஆக்டிவேஷன்' என்று தட்டினால் அந்தப் பக்கம் வரும். 'டிஜிட்டல் உரிமம், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைக்கப்பட்டது' என்ற பொருளில் ஒரு வரி இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் சொந்த மெயிலில், உங்களுக்கே தெரிந்த பாஸ்வேர்டில் இணையுங்கள். ரன் பெட்டியில் எஸ்-எல்-எம்-ஜி-ஆர் என்ற ஐந்தெழுத்து, ஓர் இடைவெளி, சாய்கோடு, டி-எல்-ஐ என்று தட்டினால் ஒரு சிறு ஜன்னல் திறந்து, உங்களுடையது லயமா பட்டாவா குத்தகையா என்று சொல்லிவிடும், ஓ.இ.எம்., ரீடெய்ல், வால்யூம் மூன்றில் ஒரு சொல் இருக்கும். பிட்லாக்கர் எண் இருந்தால் பேப்பரில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். லயம் என்று வந்தால் புது போர்டோடு புது விண்டோஸுக்கும் பணம் ஒதுக்குங்கள். பிரிண்டர் ஒத்துழைத்தால், பேஜ்மேக்கர் தேவையில்லை என்றால், பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு லினக்ஸ் போடச் சொல்லுங்கள். பல வீடுகளில் அதைப் போடத் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பிள்ளைதான்.

கைட் அதிகாரிகளுக்கும் அக்ஷயாவை நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மென்பொருள் சுதந்திர தினத்தில் நடக்கும் இன்ஸ்டால் முகாம்களை மறையூர், வட்டவடை, கோவிந்தாபுரம், அட்டப்பாடி வரை தமிழில் நடத்துங்கள். எல்.பி.பி. 2900க்கு வேலை செய்யும் டிரைவரையும் பென்டிரைவில் கொண்டு வாருங்கள்.

எனக்கு அன்று என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஐந்நூறு ரூபாயைக் கொடுக்கவில்லை. இரண்டு மாதம் மூலையில் அந்த எழுத்தோடு ஓட்டினேன். பிறகு ரீடெய்ல் ஒன்று வாங்கினேன். வாங்கும்போது பில்லில் 'விண்டோஸ்' என்று மட்டும் எழுதியிருந்தது. திருப்பிக் கொடுத்து, 'ரீடெய்ல்' என்ற சொல்லையும் எழுதி வாங்கினேன். நீங்களும் எழுதி வாங்குங்கள்.